வாண்டுக்கு அடிக்காத டிரம்

அந்தப் பட்டறையில் வேலை நடந்ததோ இல்லையோ, வாய் மட்டும் ஒரு நாளும் ஓய்ந்ததில்லை. சுத்தியல் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசிப் பழகியவர்கள். சுத்தியல் நின்ற பிறகும் அதே குரலில்தான் பேசுவார்கள். அன்றைக்கும் அப்படித்தான். இடி வாங்கிய ஒரு வெள்ளைக் காரின் கதவைக் கழற்றிப் படுக்கப் போட்டு, டிங்கர் அதன் நெளிவை எடுத்துக்கொண்டிருந்தான். உள்பக்கம் இடது கையால் இரும்புக் கட்டையை அணைத்துப் பிடிக்க வேண்டும், வெளிப்பக்கம் சுத்தியலால் மெல்லத் தட்ட வேண்டும், விரலால் தடவிப் பார்த்துவிட்டு மறுபடி தட்ட வேண்டும். பொறுமையான வேலை. ஆனால் அவன் வெகுநேரமாக ஒரே இடத்திலேயே தட்டிக்கொண்டிருந்தான். காதெல்லாம் பேச்சில் இருந்தது. ஊர்க் கால்பந்து கிளப்பில் ஆடும் அவனுடைய அக்கா மகன் வாண்டைத்தான் சுற்றி நின்றவர்கள் உரித்துக் காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"பத்தொம்பது வயசுல என்னய்யா இவ்வளவு யோசனை? புதுக் காண்ட்ராக்ட்டை நீட்டினா கையெழுத்தைப் போட்டுட்டுப் போக வேண்டியதுதானே?" என்றான் பெயிண்டர். அதே பட்டறையில் வண்டிகளுக்குப் பெயிண்ட் அடிக்கிறவன். "என்னைக் கட்டிக்கச் சம்மதம் சொல்ல என் பொண்டாட்டி கூட இவ்வளவு நாள் எடுத்துக்கல."

"பாவம், கொஞ்சம் யோசிச்சிருந்தா தப்பிச்சிருப்பா," என்றாள் டீச்சர்.

டீச்சர் பக்கத்துத் தெரு ஆரம்பப் பள்ளியில் வேலை பார்க்கிறவள். பள்ளி விட்டதும் நேரே இங்கேதான் வருவாள். மேட்ச் நாளில் மைதானத்துக் கேலரியில் ரசிகர்கள் பாடுகிற பாட்டு எல்லாம் அவள் கட்டியது. வாண்டுக்கும் ஒரு பாட்டு கட்டியிருந்தாள். அவன் பதினேழு வயதில் முதல் ஆட்டம் ஆட வந்தபோது, சட்டை முழங்கால் வரை தொங்கியதைப் பார்த்து அந்தப் பெயரை வைத்தவளும் அவள்தான்.

"இதோ பாருங்க, நான் நியாயமாப் பேசுறேன்," என்று தொண்டையைச் செருமினார் மெடிக்கல்காரர். மருந்துக்கடை வைத்திருப்பவர், தெற்கு கேலரி ரசிகர் கூட்டத்துக்குத் தலைவர். நியாயமாகப் பேசுகிறேன் என்று அவர் ஆரம்பித்தால் நியாயத்தைத் தவிர மற்றதெல்லாம் வரும். "பத்து வயசுலேர்ந்து அவனுக்குப் பூட்ஸ் வாங்கிக் குடுத்தது யாரு? கிளப்பு. கால் பிசகினப்ப டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனது யாரு? கிளப்பு. இன்னிக்கு அந்தக் கிளப்பு காண்ட்ராக்ட்டைக் கையில வெச்சுக்கிட்டு அவன் பின்னாடி அலையுது. பேப்பர்லயே போட்டிருக்கான். இவரு பதிலே சொல்ல மாட்டாராம்!"

"ஏஜெண்ட் எவனாவது ஏத்தி விட்டிருப்பான் சார். பச்சப்புள்ள," என்றாள் டீச்சர்.

"பச்சப்புள்ளயா? டீச்சர், பச்சப்புள்ளைக்குக் காசுன்னா என்னன்னு தெரியாது. இவனுக்கு நல்லாத் தெரியும்." மெடிக்கல்காரர் திரும்பினார். "என்னப்பா டிங்கர், மாமங்காரன் நீ, வாயைத் திறக்க மாட்டேங்கிற? உனக்குத் தெரியாமலா இருக்கும்?"

சுத்தியல் நின்றது. "எனக்கென்ன தெரியும் சார்? அவன் என்கிட்ட இதெல்லாம் பேசுறதில்ல," என்றான் டிங்கர்.

பச்சைப் பொய். அவனுக்கு எல்லாம் தெரியும். அதுதானே கொடுமை!

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா மாடிக்குத் துணி எடுக்கப் போன நேரம் பார்த்து, வாண்டு சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு விஷயத்தைச் சொன்னான். கிளப் காண்ட்ராக்ட்டை நீட்டவே இல்லை. நீட்டியதாகப் பேப்பர்காரர்களிடம் சொன்னது கிளப் ஆபீஸ். பணக்காரக் கிளப் ஒன்று அவனை விலைக்குக் கேட்கிறது. கிளப் முதலாளிக்கும் விற்க ஆசை. ஆனால் சொந்தப் பயிற்சிப் பள்ளியில் வளர்ந்த பிள்ளையைத் தானே விற்றார் என்று தெரிந்தால் கேலரி சும்மா விடாது. அதனால், பையன்தான் மறுத்துவிட்டுப் போனான் என்று முன்கூட்டியே ஒரு கதையைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

"அயோக்கியப் பசங்க! நீ போட்டு உடைக்க வேண்டியதுதானேடா?"

"வாயைத் திறந்தா மறுநாள்லேர்ந்து பெஞ்சுதான்னு கிளப் மேனேஜர் சொல்லிட்டார் மாமா. ஆடாம உக்காந்திருந்தா அப்புறம் எவன் என்னைச் சீண்டுவான்? இங்கயும் இல்லாம, அங்கயும் இல்லாமப் போயிடுவேன்."

"சரி, உனக்கு என்ன வேணும்?"

"எனக்கு இங்கதான் ஆடணும். பழைய சம்பளத்துக்கே கையெழுத்துப் போடுறேன்னு கூடச் சொல்லிப் பாத்துட்டேன். கோச்சு மட்டும்தான் என் பக்கம். சனிக்கிழமை மேட்சுக்கு முதலாளியே வர்றாராம். கேலரி மொத்தமும் என் பக்கம் இருக்குன்னு அவர் கண்ணால பாத்தா விக்க பயப்படுவார், காண்ட்ராக்ட்டு தானா வரும்னு கோச் சொல்றார். கேலரிதான் மாமா எனக்கு. நீங்க டிரம்மை நல்லா அடிங்க, போதும்."

அடிக்கிறேன்டா என்றான் டிங்கர். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று பையன் தலையில் கை வைத்துச் சத்தியமும் செய்தான். ஒருத்தர் காதில் போட்டால் பொழுது சாய்வதற்குள் தெருவெல்லாம் பரவும், மறுநாள் மேனேஜர் காதுக்குப் போகும். அது அவனுக்கே தெரியும். அந்தப் பட்டறையின் லட்சணம் அப்படி.

இந்த டிரம் விஷயத்தைச் சொல்ல வேண்டும். தெற்கு கேலரியில் ஒரு வழக்கம் உண்டு. கிளப்பின் சொந்தப் பள்ளியில் வளர்ந்து மேலே வந்த ஆட்டக்காரன் பந்தைத் தொட்டால் டிரம்மில் இரண்டு அடி. டும், டும். அதோடு கேலரி மொத்தமும் ஒரு குரல் கொடுக்கும். வெளியிலிருந்து விலை கொடுத்து வாங்கி வந்தவன் எவ்வளவு பெரிய கொம்பனாக இருந்தாலும் அந்த இரண்டு அடி கிடைக்காது. இப்போது ஆடுகிற அணியில் அந்தக் கொடுப்பினை வாண்டு ஒருவனுக்குத்தான். அடிப்பவன் அவனுடைய சொந்தத் தாய்மாமன். இதைவிட வேறென்ன வேண்டும்?

அக்கா மைதானத்துக்கு வரவே மாட்டாள். எவனாவது மகன் காலை வாரிவிடுவதைப் பார்த்தால் இறங்கிப் போய் அடித்துவிடுவாளாம். அவள் வீடு கேலரிக்கு நேர் பின் தெருவில். மேட்ச் நாளில் சமையலறை ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு பாத்திரம் தேய்ப்பாள். டும், டும் என்று கேட்டால் மகன் பந்தைத் தொட்டுவிட்டான். கேட்டுக்கொண்டே இருந்தால் மகன் நன்றாக ஆடுகிறான். அத்தான் கப்பல் வேலையில் பாதி வருஷம் கடலில் கிடப்பவர். அவர் போனில் கூப்பிட்டால் ஆட்டத்தைப் பற்றி டிவி பார்த்தவனைவிட விவரமாகச் சொல்லுவாள்.

டிரம்முக்கு ஒரு சட்டமும் உண்டு. டிரம் கூட்டத்தினுடையது, கூட்டம் முடிவு பண்ணியதைத்தான் அடிக்கும், அடிக்கிறவனுக்குச் சொந்தக் கருத்து கிடையாது. இந்தச் சட்டத்தைப் போட்டதே டிங்கர்தான். முன்னே பெயிண்டர்தான் டிரம் அடித்துக்கொண்டிருந்தான். ஒரு நாள் கொஞ்சம் போட்டுவிட்டு வந்து, நம் ஆள் பெனால்டி உதைக்க ஓடி வரும் நேரத்தில் உற்சாகம் தாங்காமல் படபடவென்று அடித்துத் தொலைத்தான். பந்து மைதானத்தை விட்டே போய்விட்டது. அன்றைக்குக் குச்சியைப் பிடுங்கிக்கொண்டு டிங்கர் போட்ட சட்டம் அது. பெயிண்டர் அதை இன்னும் மறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கூட்டம் பட்டறையில் கூடியது. காரை எல்லாம் வெளியே தள்ளிவிட்டு, டயர் மேலும் பெயிண்ட் டின் மேலும் உட்கார்ந்தார்கள். பெயிண்டர் ஒரு பழைய படுதாவைத் தரையில் விரித்துக் காட்டினான். 'பணம்தான் உனக்கு வீடா?' என்று சிவப்பில், கொட்டை எழுத்தில். அவன் கையெழுத்து அழகு, பாழாய்ப்போன அழகு.

"நாளைக்கு இதைக் கட்டறோம். அவன் பந்தைத் தொட்டா ஊளை விடறோம்," என்றான்.

"நம்ம புள்ளையைப் பாத்து நாமளே ஊளையிடறதா? உனக்கு மூளை இருக்கா?" டிங்கர் எழுந்தேவிட்டான். "எப்பவும் போல ரெண்டு அடி அடிப்போம், டீச்சர் பாட்டைப் பாடுவோம். பாசத்தைக் காட்டினாத்தானே இருக்கணும்னு தோணும்?"

"காட்டாத பாசமா? அண்ணே, வண்டிக் கண்ணாடியை மூடப் பழைய பேப்பர் ஒட்டும்போது கூட, அவன் படம் வந்த பேப்பரைத் தனியா எடுத்து வெக்கிறவன் நான். அவன் மூஞ்சியில பெயிண்ட் படக் கூடாதுன்னு. தெரியும்ல உங்களுக்கு? எனக்கு எவ்வளவு வலிக்குதுன்னு அவனுக்குத் தெரிய வேணாமா?"

கூட்டம் பெயிண்டர் பக்கம் சாய்ந்தது. டீச்சர் கூட, படுதா மட்டும் வேண்டாம், மற்றபடி அவனுக்கும் கொஞ்சம் உறைக்கட்டும் என்றாள். டிங்கர் கெஞ்சிப் பார்த்தான், திட்டிப் பார்த்தான். கடைசியில் மெடிக்கல்காரர் கையை உயர்த்தி எல்லாரையும் அடக்கினார்.

"டிங்கர், உனக்கு ஏதோ தெரிஞ்சிருக்கு. அதான் இவ்வளவு துடிக்கிற. பையன் இங்கயே இருக்கப்போறானா? ஒரு வார்த்தை சொல்லு, படுதாவை நானே மடிச்சு வெக்கிறேன்."

அத்தனை கண்ணும் அவன் மேல். வார்த்தை தொண்டை வரை வந்துவிட்டது. பையன் தலையில் வைத்த கை நினைவுக்கு வந்தது. பெஞ்சில் அவன் உட்கார்ந்திருக்கும் காட்சியும் வந்தது. விழுங்கினான். விழுங்கியவன் சும்மா இருந்திருக்கலாம். இருந்தானா? அங்கேதான் கெட்டது குடி. அந்தச் சமயத்தில் பெரிய சாமர்த்தியம் பண்ணுவதாக நினைத்து ஒரு யோசனையை எடுத்து விட்டான்.

"ஊளையும் வேணாம், படுதாவும் வேணாம். பந்து அவன்கிட்டப் போறப்ப மட்டும் சும்மா இருப்போம். டிரம்மும் அடிக்காது, நாமளும் வாயைத் திறக்க வேணாம். பந்து வேற ஆள்கிட்டப் போனதும் வழக்கம் போலக் கத்துவோம். அவனுக்குப் புரியும்."

அவன் கணக்கு என்னவென்றால், ஊளை விட்டால் முதலாளி காதில் விழும், படுதா கட்டினால் கண்ணில் படும். சும்மா இருப்பது யாருக்குத் தெரியப்போகிறது? இல்லாத சத்தம் எவன் காதில் விழும்? கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து ஜூஸ் குடிக்கிற மனுஷனுக்கு அது பற்றி என்ன தெரியும்? அப்படி நினைத்தான் அந்த மகராசன்.

கூட்டத்துக்கு யோசனை பிடித்துவிட்டது. "கோவத்தைக் கூட மரியாதையாக் காட்டறோம் பாருங்க," என்று மெடிக்கல்காரர் தலையை ஆட்டினார். பெயிண்டரும் படுதாவைச் சுருட்டினான். யார் யாருக்குச் சம்மதம் என்று கேட்டபோது எல்லாக் கையும் உயர்ந்தது, டிங்கரின் கையும்தான். வீட்டுக்குப் போகும் வழியில் பையனுக்குச் சொல்லிவைக்கலாம் என்று போன் போட்டான். எடுக்கவில்லை. மேட்சுக்கு முந்தின நாள் கோச் எல்லார் போனையும் வாங்கிப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுவார். பரவாயில்லை, பெரிய ஆபத்தைச் சின்னதாக்கியாகிவிட்டது என்று நிம்மதியாகவே தூங்கினான்.

சனிக்கிழமை பிற்பகல். வெயில் சுள்ளென்று அடித்தது. கேலரி நிரம்பி வழிந்தது. ஆட்டம் தொடங்கியதும் கேலரி பாட்டும் கத்தலுமாகப் பொங்கியது, டிங்கர் மட்டும் குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றான். நடுவில் யாரோ பந்தை வலது பக்கம் தட்டிவிட, அது வாண்டு காலுக்கு வந்தது.

டிரம் அடிக்கவில்லை. கேலரி நின்றது.

அப்படி ஒரு அமைதியை அந்த மைதானம் கண்டதே இல்லை. பூட்ஸில் பந்து படுகிற சத்தம் கேட்டது. வாண்டு மூச்சு வாங்குவது கேட்பது போல் இருந்தது. "இந்தா, இந்தா!" என்று அவன் கூட ஆடுகிறவனைக் கூப்பிட்ட குரல் மேல் வரிசை வரை கணீரென்று வந்தது. என்னமோ ஏதோ என்று மற்றக் கேலரிகளும் பேச்சை நிறுத்திவிட்டு இந்தப் பக்கம் பார்த்தன. பந்து அவன் காலை விட்டுப் போனதுதான் தாமதம், கேலரி மறுபடி பொங்கியது. அடுத்த தடவை பந்து அவனிடம் வந்தபோது மறுபடி அமைதி. இந்தத் தடவை மற்றக் கேலரிகளும் சேர்ந்துகொண்டன. விஷயம் பரவிவிட்டது.

டிங்கருக்கு அப்போதுதான் உறைத்தது. ஊளை விட்டிருந்தால் கூச்சலோடு கூச்சலாக அமுங்கிப் போயிருக்கும். எதிரணி ஊளையா, நம் ஊளையா என்று கூட யாருக்கும் தெரிந்திருக்காது. இது அப்படியா? மைதானத்தில் இருக்கிற ஈ எறும்புக்குக் கூடத் தெரிந்தது, இந்தப் பையனை இங்கே ஒருத்தருக்கும் பிடிக்கவில்லை என்று. எதிரே கண்ணாடி அறையில் முதலாளி எழுந்து நின்றுவிட்டார். பக்கத்தில் நின்ற மேனேஜரிடம் கேலரியைக் காட்டி ஏதோ கேட்டார். மேனேஜர் இரண்டு கையையும் விரித்து, நான் அப்பவே சொன்னேனே என்பது போலத் தலையைச் சாய்த்தார். இத்தனை தூரத்திலிருந்தும் அது தெளிவாகத் தெரிந்தது. முதலாளி மெல்ல உட்கார்ந்தார்.

அட பாவி, என்ன காரியம் பண்ணிவிட்டேன் என்று தன்னையே திட்டிக்கொண்டான். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு பாத்திரம் தேய்க்கிற அக்கா நினைவுக்கு வந்தாள். ஒரு டும் டும் கூடக் கேட்காமல் அவள் என்ன நினைப்பாள்? பையனுக்கு அடிபட்டுவிட்டதோ, அவனை இறக்கவே இல்லையோ என்று தவித்துப்போவாளே!

வாண்டு முதலில் டிரம் கிழிந்துவிட்டது என்று நினைத்திருப்பான் போல. ஒரு த்ரோ எடுக்க இந்தப் பக்கம் வந்தபோது தலையைத் தூக்கி மாமாவைத் தேடினான். கண்டுபிடித்தான். குச்சி இரண்டும் மாமா கையில் இருந்தது, டிரம் முழுசாக இருந்தது. பையன் பார்வையைத் திருப்பிக்கொண்டு பந்தை எறிந்தான்.

இரண்டாவது பாதியில் அவன் கோல் போட்டான். சும்மா கோல் இல்லை. இரண்டு பேரை ஏய்த்து, மூன்றாமவன் காலுக்கிடையில் தட்டி, கோல்கீப்பர் விழுந்த பக்கத்துக்கு மறுபக்கம் உருட்டிவிட்டான். அவன் வாழ்க்கையிலேயே போட்ட நல்ல கோல் அதுதான். கேலரி மொத்தமும் தன்னையறியாமல் எழுந்து நின்றது. எழுந்து நின்று வாயைப் பொத்திக்கொண்டது. டீச்சர் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். பெயிண்டர் கண்ணிலிருந்து தாரை தாரையாக வழிந்தது, அவன் துடைக்கவில்லை. கூட ஆடுகிறவர்கள் ஓடி வந்து கட்டிப்பிடித்துக்கொண்டபோது கூட வாண்டு கேலரியையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அடிடா, அடி, இப்பவாவது அடி என்று டிங்கருக்குள் ஒரு குரல் கத்தியது. ஓங்கி இரண்டே இரண்டு அடி. மொத்தக் கேலரியும் அதற்குத்தான் காத்துக்கொண்டிருந்தது. ஒருத்தன் தொடங்கினால் போதும், உடைத்துக்கொண்டு பாய்ந்திருக்கும். சத்தியமாவது, சட்டமாவது, எவன் கேட்டால் என்ன? குச்சியை இறுகப் பிடித்தான். கை எழவில்லை. பட்டறையில் எல்லார் முன்னாலும் தூக்கிய அந்தக் கை இப்போது எழவில்லை. ஆட்டம் மறுபடி தொடங்கிவிட்டது, அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை மதியம் மெடிக்கல்காரர் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பட்டறைக்குள் ஓடி வந்தார். கிளப் அறிக்கை விட்டிருந்தது. சத்தமாகப் படித்தார். "'ரசிகர்களின் மனநிலையை மதித்து, இருதரப்பின் நன்மையையும் கருதி, அவரை விடுவிக்க முடிவு செய்துள்ளோம்...' ரசிகர்களின் மனநிலையாம்! நாம எப்பய்யா போகச் சொன்னோம்?"

"இருடான்னுதானே சார் சொன்னோம்!" என்று கத்தினான் பெயிண்டர். "கோவிச்சுக்கிட்டாக் கூட ஏன்டா இப்படிப் பண்றன்னுதானே கேட்டோம்!"

பழி போட ஆள் வேண்டுமே, மெடிக்கல்காரர்தான் ஆரம்பித்தார். "நமக்கு இருந்தது பாசம். அவனுக்கு இருந்திருந்தா இதை ஒரு சாக்கா வெச்சுக்கிட்டுக் கிளம்புவானா? முன்னாடியே முடிவு பண்ணிட்டான். போகட்டும்."

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? டிங்கர் சுத்தியலைக் கீழே போட்டுவிட்டு எல்லாவற்றையும் சொன்னான். நீட்டாத காண்ட்ராக்ட்டு, மேனேஜர் மிரட்டல், பழைய சம்பளத்துக்கே போடுகிறேன் என்று பையன் கெஞ்சியது, சத்தியம், எதையும் விடவில்லை. எல்லாரும் வாயடைத்து நிற்பார்கள், கிளப் ஆபீஸுக்குக் கல்லெடுத்துக்கொண்டு ஓடுவார்கள் என்று நினைத்தான்.

மெடிக்கல்காரர் அவனை இரக்கத்தோடு பார்த்தார். "மாமங்காரன் நீ. வேற எப்படிச் சொல்லுவ?"

"சத்தியமாச் சொல்றேன் சார்!"

"சரிப்பா, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். கேலரியை நம்பித்தான் பையன் இருந்தான், அது உனக்குத் தெரியும்னு சொல்ற. அப்ப, அவன் பந்தைத் தொட்டா சும்மா இருக்கலாம்னு யோசனை சொன்னது யாரு? நீதானே? தெரிஞ்சிருந்தா சொந்த மாமன் அப்படிச் சொல்லுவானா?"

டிங்கர் டீச்சர் பக்கம் திரும்பினான். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நிஜமாவே இருந்தாலும், இப்பச் சொல்லி என்ன புண்ணியம் டிங்கர்?" என்று மட்டும் மெதுவாகச் சொன்னாள்.

பெயிண்டர் தனியாக அடுக்கி வைத்திருந்த பேப்பர்களை எடுத்து வந்தான். நெளிவு எடுத்த வெள்ளைக் காரின் கண்ணாடி மேல் ஒவ்வொன்றாக விரித்து ஓரத்தில் டேப் ஒட்டினான். முன்கண்ணாடியில் வாண்டு சிரித்துக்கொண்டிருந்தான். பெயிண்டர் முகமூடியை மாட்டிக்கொண்டு ஸ்ப்ரே கன்னை எடுத்தான். டிங்கர் அதைப் பார்க்க மாட்டாமல் வெளியே வந்துவிட்டான்.

நேரே அக்கா வீட்டுக்குப் போனான். மேட்ச் அன்றிலிருந்து அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. அக்கா என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்வது, செருப்பால் அடித்தாலும் சரி என்று முடிவு பண்ணிக்கொண்டுதான் போனான். கூடத்தில் பெட்டி திறந்து கிடந்தது. வாண்டு துணிகளைச் சுருட்டிச் சுருட்டி உள்ளே திணித்துக்கொண்டிருந்தான். மறுநாள் காலையில் புதுக் கிளப்புக்குக் கிளம்ப வேண்டுமாம்.

"வாங்க மாமா," என்றான். முகத்தில் கோபம் இல்லை. அதுவே டிங்கருக்குத் தாங்கவில்லை.

"டேய், அன்னிக்கு நான்..." என்று ஆரம்பித்தான்.

அதற்குள் சமையலறையிலிருந்து அக்கா ஈரக் கையோடு வந்தாள். கண் வீங்கியிருந்தது. "வந்துட்டியா? இத்தனை நாளா எங்கடா போன? கை எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

"கையா? என்ன கை?"

"நடிக்காதடா. அன்னிக்கு டிரம் சத்தமே வரல. எனக்கு உயிரே இல்ல. இவன் வந்த உடனே, என்னடா ஆச்சு, உன்னை இறக்கவே இல்லையான்னு அழுதேன். அப்புறம்தான் சொன்னான், மாமாவுக்குப் பட்டறையில மணிக்கட்டு சுளுக்கிக்கிச்சு, குச்சியே பிடிக்க முடியலன்னு. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

டிங்கர் பையனைப் பார்த்தான். வாண்டு தலையைத் தூக்கவில்லை. சட்டையின் மடிப்பை உள்ளங்கையால் நீவிக்கொண்டே சொன்னான். "நான்தான் சொன்னேன் மாமா. உங்களுக்குக் கைவலின்னு. வலிதானே?"

அக்கா அலமாரியிலிருந்து தைலப் புட்டியை எடுத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். தம்பியின் வலது கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு மணிக்கட்டில் தைலத்தை ஊற்றித் தேய்க்க ஆரம்பித்தாள். நல்ல கை. ஒரு கீறல் கூட இல்லாத கை.

"நீ மட்டும் அன்னிக்கு அடிச்சிருந்தியானா எல்லாரும் கூடச் சேர்ந்திருப்பாங்கடா. புள்ளை இங்கயே இருந்திருப்பான். என்ன பண்றது, நம்ம நேரம், உனக்கு அன்னிக்குப் பாத்தா கை போகணும்?" என்றாள். கட்டை விரலால் அழுத்தினாள். "இங்கயா? இங்க வலிக்குதா?"

"வலிக்குது அக்கா," என்றான் டிங்கர்.